டிராகன் குகைக்குள் டேப்லெட்டோடு

என் டேப்லெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கிருந்து யாராவது எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது பாருங்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திர ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்த நூற்றாண்டில் கிடைத்த பெரிய வரம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். பத்து அங்குலத் திரையும் அதில் ஏற்றிவைத்த பி.டி.எஃப். புத்தகங்களும்தான். 2010-இல் முதல் ஐபேட் வந்தபோது சினிமா பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம், சோபாவில் சாய்ந்தபடி மெயில் பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லி விற்றார்கள். டன்ஜன் மாஸ்டர் என்றொரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது, அதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற கருவி இது என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். எங்கள் குழுவில் அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. "கதவைத் திறக்கறேன்" என்பார் ஒருவர். உள்ளே என்ன இருக்கிறது என்று டி.எம். சொல்வார். நினைத்த காரியம் கைகூடியதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உண்டாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கெல்லாம் மூத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரிலிருந்து முதலில் ஆயிரம் பெட்டிகள் மட்டும் வெளிவந்தன. பெட்டிக்குள் மூன்று ஒல்லிப் புத்தகங்கள். விதிகள் அவ்வளவுதான்.

அந்த ஒல்லிக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம், அரக்கர் கையேடு 352, டி.எம். கையேடு இன்னொரு 320. மூன்றும் கெட்டி அட்டை, வழவழ தாள். போட்டிக்கு வந்த 'பாத்ஃபைண்டர்' 2009-இல் ஒரே புத்தகமாக 576 பக்கத்தில் வந்து நின்றது. இவற்றோடு அன்றைய சாகசக் கதைக்கான புத்தகம், வரைபடங்கள், குறிப்பு நோட்டு எல்லாவற்றையும் முதுகுப்பையில் அடைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏறிப் பாருங்கள். டிராகனே தேவலை என்று தோன்றும். இப்போது என் தோளில் தொங்குவது அரைக்கிலோ. நான் வாங்கிய புத்தகமெல்லாம் அதற்குள் இருக்கிறது. இனி வாங்கப் போவதற்கும் இடம் இருக்கிறது.

ஆனால் எடை குறைந்ததைச் சொல்லவா இத்தனை ஆர்ப்பாட்டம்? தேடல்! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

விதிப்புத்தகத்தை யாரும் நாவல் மாதிரி படிப்பதில்லை. முழுசாக ஒருமுறை புரட்டுவோம், அதற்கப்புறம் காலமெல்லாம் தேடுவோம். அதுவும் எப்போது? கதை உச்சத்தில் நிற்கும்போது. ஆற்றுப் பாலத்தின் மேல் ஓர்க் என்னும் அரக்கனோடு சண்டை நடக்கிறது, மந்திரவாதி சாகக் கிடக்கிறார். திருடராக ஆடும் நண்பர் நாற்காலியை விட்டு எழுந்து, "அந்த ஓர்க்கை நான் வெட்டப் போறதில்ல. கழுத்தோட கட்டிப் பிடிச்சு ஆத்துக்குள்ள இழுக்கறேன்" என்கிறார். மேசையே ஆர்ப்பரிக்கிறது. இனி டி.எம். பாடு. கட்டிப் பிடிக்க எந்தப் பகடை, எதிரி எதை வைத்துத் திமிறலாம், பிடியை விடாமல் எவ்வளவு தூரம் நகரலாம் என்று பார்த்தாக வேண்டும். அச்சுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல் அட்டவணைக்கு ஓடினால், எறும்பெழுத்தில் 'வேறொரு தலைப்பைப் பார்க்க' என்று இருக்கும். அந்தத் தலைப்பைக் கண்டுபிடித்தால்தான் பக்க எண். அதற்குள் ஒருவர் போனைக் கையில் எடுத்திருப்பார், இன்னொருவர் மிக்சர் தட்டைத் தேடிப் போயிருப்பார். பாலத்தின் மேல் நின்றவர்கள் எல்லோரும் பழையபடி ஹாலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

டேப்பில்? பூதக்கண்ணாடிக் குறியைத் தொட்டு நாலு எழுத்து அடிப்பதற்குள் பட்டியல் வந்து விழுகிறது. ஆத்லெடிக்ஸ் என்ற திறனுக்குப் பகடை போட வேண்டும். எதிரி ஆத்லெடிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ போட்டுத் திமிறலாம். இழுத்துக்கொண்டு நகர்ந்தால் வேகம் பாதி. இத்தனையும் படித்துச் சொல்லி முடிக்கும்போது நண்பர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார், பகடை அவர் உள்ளங்கையில் குலுங்குகிறது. அச்சுப் பிரதியில் இது 195-ஆம் பக்கம். பழைய புத்தகத்தில் தேடித் தேடி அந்த எண் மட்டும் மனப்பாடமாகிவிட்டது, வேறென்ன கண்டேன்!

புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும் டி.எம். இருந்தும் இல்லாதவர். டேப்லெட் என் முகத்தை என் நண்பர்கள் பக்கம் திருப்பிவிட்டது. அதற்காகவே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க விதிப்புத்தகங்களில் பெரும்பாலானவை 'லெட்டர்' அளவு, அதாவது எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். பக்கத்துக்கு இரண்டு பத்தி. நாலுக்கு மூன்று விகிதத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய முழுசாக உட்கார்ந்துவிடும். பதினாறுக்குப் பத்து விகிதத்தில், ஆண்ட்ராய்டு டேப்புகள் பல அப்படித்தான், மேலும் கீழும் வெறும் பட்டை விழுந்து எழுத்து சிறுத்துப்போகும். ஓரத்தை வெட்டிவிட்டுக் காட்டும் வசதி பி.டி.எஃப். படிக்கும் செயலிகள் பலவற்றில் உண்டு; அதை முதலில் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் படுக்கைவாட்டில் வைத்துப் பாதிப் பாதிப் பக்கமாகப் படியுங்கள், எழுத்து கொழுகொழுவென்று தெரியும். எட்டு அங்குலம் வேண்டவே வேண்டாம், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது தண்டனை.

கிண்டில் போதாதா என்று கேட்பார்கள். நாவலுக்கு அதைப்போல் சுகம் கிடையாது, நானே படுக்கையில் வைத்திருக்கிறேன். ஆனால் ஆறு அங்குலக் கறுப்புவெள்ளைத் திரையில் இரண்டு பத்தியும் நடுவே ஓர் அட்டவணையும் உள்ள பக்கத்தைத் திறந்தால் அழுகைதான் வரும். இ-பப் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும் என்பது வாஸ்தவம். ஆயுதப் பட்டியல் அதே வேகத்தில் மடங்கி, வாளின் விலை கோடரிக்குப் போய்விடும். உலக வருணனையும் கதையும் நிறைந்த புத்தகங்களை இ-பப்பாக பஸ்ஸில் படிக்கலாம், மேசையில் பி.டி.எஃப்.தான் ராஜா.

அதிலும் ஒரு தொல்லை உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பழைய தோல்சுவடி மாதிரி பின்னணி அடித்துவைப்பார்கள். அச்சில் கண்ணைப் பறிக்கும், டேப்பில் பக்கம் திரும்பவே முக்கி முனகும். நல்ல பதிப்பாளர்கள் பின்னணியைத் தனி அடுக்காக வைத்திருப்பார்கள். படிக்கும் செயலியில் அந்த அடுக்கை அணைத்துவிட்டால் வெள்ளைத் தாளும் கறுப்பு எழுத்தும் மிஞ்சும். பறக்கும்!

அடுத்து படங்கள். டி.எம். கையில் இருக்கும் வரைபடத்தில் ரகசியக் கதவும் பொறிக்குழியும் குறித்திருக்கும். ஆட்டக்காரர்களுக்கு அதைக் காட்ட முடியாது. முன்பெல்லாம் பக்கத்தின் பாதியைக் கையால் மூடிக்கொண்டு புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவோம். எல்லோரும் மூடின கையைத்தான் பார்ப்பார்கள். இப்போது வேண்டிய படத்தை மட்டும் வெட்டித் தனி ஆல்பத்தில் வைத்துவிடுகிறேன். நேரம் வரும்போது முழுத்திரையில் திறந்து மேசை நடுவே வைத்தால், "ஐயோ!" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் கண் விழிக்கலாம். தனி ஆல்பம் முக்கியம். ஆர்வக்கோளாறில் யாராவது விரலால் தள்ளினால் அடுத்த வாரத்து வில்லன் வந்து நின்றுவிடுவான். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் திரையை ஒரே செயலியில் பூட்டிவைக்க வழி உண்டு, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு அதிகம் சிரித்தது ராட்சசனைக் காட்டியபோதுதான். ஆமாம், நம்மூர் ராட்சசன். 1977-இல் வந்த அரக்கர் கையேட்டிலேயே இருக்கிறான்: புலித்தலை, வாயில் புகைக்குழாய், ஜமீன்தார் தோரணை. ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் செத்துப்போவானாம்! பிற்காலப் பதிப்புகளில் உள்ளங்கை வேறு பின்பக்கம் திரும்பியிருக்கிறது. கம்பராமாயணம் கேட்டு வளர்ந்த ஆட்களிடம் இந்தப் புலியைக் காட்டி "இவன்தான் ராட்சசன்" என்றால் என்ன ஆகும்? "இவனுக்குப் பத்துத் தலை எங்க?" என்றார் வாள்வீரர். 1977 படம், 2014 படம் இரண்டையும் திரையைப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அச்சுப் புத்தகத்தில் இதற்குப் பழைய பிரதி ஒன்றைத் தேடிச் சேகரிப்பாளர் விலை கொடுத்திருக்க வேண்டும்.

பழைய புத்தகம் என்றதும் இந்த மின்னூல் வியாபாரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், சுவாரசியமானது. இந்த ஆட்டங்களின் பி.டி.எஃப்.களை விற்கும் 'டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி.' 2004-இலிருந்து நடக்கிறது. 2009 ஏப்ரலில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பதிப்பாளர்களான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டித் தங்கள் பி.டி.எஃப். விற்பனை முழுவதையும் நிறுத்தினார்கள். அதே வருடம்தான் பைஸோ நிறுவனம் அந்த 576 பக்க 'பாத்ஃபைண்டர்' புத்தகத்தை அச்சில் 49.99 டாலருக்கும் பி.டி.எஃப்.பாக 9.99 டாலருக்கும் விற்றது. ஐந்தில் ஒரு பங்கு விலை! கடல் தாண்டி வரும் கெட்டி அட்டைப் புத்தகத்துக்குத் தபால் செலவும் சேர்த்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? விஸார்ட்ஸ் 2013 ஜனவரியில் மனம் மாறிப் பழைய புத்தகங்களை மின்னூலாக மறுபடி விற்கத் தொடங்கினார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் அச்சு நின்றுபோன சாகசங்கள் எல்லாம் நள்ளிரவில் இரண்டு தட்டலில் என் கைக்கு வருகின்றன.

ஐந்தாம் பதிப்பின் பெரிய புத்தகங்கள் மட்டும் இன்றும் பி.டி.எஃப்.பாக விற்பனைக்கு இல்லை. 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற தளத்திலும் அதன் செயலியிலும் வாங்கிப் படிக்கலாம். மந்திரத்தின் பெயரைத் தொட்டால் விளக்கம் எழுந்து நிற்கும், அழகுதான். இருந்தாலும் கோப்பாக என் கையில் இருப்பதுதான் எனக்குப் புத்தகம். ஒரு கணக்குக்குள் பூட்டியிருப்பது வாடகை வீடு. நல்லவேளை, அடிப்படை விதிகளின் தொகுப்பு இருக்கிறது. எஸ்.ஆர்.டி. என்பார்கள். 2023 ஜனவரியில், உரிமத்தை மாற்றப் போய்க் கிளம்பிய பெரிய எதிர்ப்புக்குப் பிறகு, அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஓர்க்கைக் கட்டிப் பிடிக்கும் விதியை நான் தேடியது அதில்தான். செலவு பைசா இல்லை.

இலவசம் என்றால் இன்னும் எவ்வளவோ. 'ஃபேட் கோர்' மின்னூலுக்கு நீங்கள் விரும்பிய விலையைக் கொடுக்கலாம். 'அயர்ன்ஸ்வோர்ன்' முழுப் புத்தகமும் இலவசம். அதைத் தனியாளாகவே ஆடலாம், குழு கூடாத வாரங்களில் என்னைக் காப்பாற்றுவது அதுதான். 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' மொத்தமே ஒரு பக்கம். ஆட்டம் பழகிப் பார்க்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம், டேப்கூட வேண்டாம், போனே போதும்.

எதையெல்லாம் டேப்புக்குள் விட மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டுமே. கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாள், காகிதம்தான். அடிபட்ட புள்ளிகளைப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்துப் போயிருக்க வேண்டும். அதைப் பார்த்தாலே அந்த வீரர் பட்ட பாடு தெரியும். பகடையும் அப்படியே. போன மே மாத விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள், வந்த அன்றைக்கே எங்கள் மேசையில் உட்கார்ந்து திருடி வேஷம் கட்டிவிட்டாள். இரண்டாம் நாள் கேட்டாள்:

"சித்தி, டைஸும் ஆப்லயே உருட்டலாம்ல? எதுக்கு ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியில போய்த் தேடறீங்க?"

"உருட்டலாம்டி. ஆனா என் மேசையில வேண்டாம்."

அடுத்த சுற்றில் அவள் உருட்டிய பகடை மேசை விளிம்பு வரை ஓடி, தம்ளரில் இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, இருபதில் நின்றது. வீடு இரண்டுபட்டது. அதற்கப்புறம் ஆப் பேச்சு எழவில்லை.

அந்தப் பெண்ணுக்கு டேப் வேறொரு உதவியும் செய்தது. விதிப்புத்தக ஆங்கிலம் ஒருமாதிரி பழங்கால நடை, பள்ளிக்கூடத்தில் வராத சொற்கள். சொல்லின் மேல் விரலை வைத்தால் அகராதி திறக்கும் என்று காட்டிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் கோட்டை மதில், அகழி, பாதாளச் சிறை சம்பந்தமான சொற்களெல்லாம் அவள் வாயில் தண்ணீர் பட்ட பாடு.

நம்மூர் வீடுகளுக்கென்றே இன்னொரு சௌகரியம், எந்த விளம்பரத்திலும் வராதது: சீலிங் ஃபேன். ஏப்ரல் மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஆட முடியுமா? ஓட்டினால் வரைபடம், குறிப்பு, அரக்கர் பட்டியல் எல்லாம் ஊர்வலம் கிளம்பிவிடும். நாலு மூலைக்கும் எவர்சில்வர் தம்ளர் வைத்து அழுத்திக்கொண்டுதான் ஆடிக்கொண்டிருந்தோம். டேப்லெட் எந்தக் காற்றுக்கும் அசைவதில்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை. கல்லறைக்குள் நுழையும் கட்டத்தில் விளக்கு அணைந்து, டேப்பின் வெளிச்சம் என் முகத்தில் மட்டும் விழ, நான் எலும்புக்கூட்டின் வசனத்தைப் பேசினேன். மின்வாரியத்துக்கு நன்றி சொல்லியவர்கள் தமிழ்நாட்டில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

வரும் சனிக்கிழமைக்கு என்ன தயாராகிறது தெரியுமா? 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'. கைகாக்ஸே எழுதியது, அந்தக் கால அடிப்படைப் பெட்டியோடு வந்து ஒரு தலைமுறையையே இந்த ஆட்டத்துக்குள் இழுத்த சாகசம். மலையிடுக்கு ஒன்றில் குகைகள், ஏ முதல் கே வரை எழுத்திட்டு, நீல நிற வரைபடத்தில். பழைய தாளை ஸ்கேன் செய்த கோப்பு ஆதலால் தேடினால் சில சொற்கள் சிக்காது. அதனால் குகைக்கு ஒன்றாக நானே புக்மார்க் போட்டேன். பிறகு வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தின் மேலும் சின்னச் சதுரம் வரைந்து, அதைத் தொட்டால் அந்தக் குகையின் வருணனைக்குத் தாவுகிற மாதிரி இணைப்பு கொடுத்தேன். வருணனையிலிருந்து வரைபடத்துக்குத் திரும்ப இன்னொன்று. டி குகையில் கோப்ளின்கள் தோற்கும் நிலை வந்தால், ரகசியக் கதவு வழியாக ஒரு மூட்டைத் தங்கக்காசை வீசிப் பக்கத்து ஈ குகையின் ஓகரைக் கூலிக்கு இறக்குவார்கள். அச்சில் அது சண்டை நடுவே பக்கம் புரட்டும் வேலை. இப்போது டி-யில் இருக்கும் அந்த வரியைத் தொட்டால் ஓகர் எதிரே வந்து நிற்கிறான், அவனுடைய அடிபடும் புள்ளிகளோடு. ஸ்டைலஸால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு கிழிப்பேன். ஆட்டம் முடிந்தபின் அந்த அடுக்கை அழித்தால் புத்தகம் மறுபடி புத்தம் புதுசு.

இத்தனையும் செய்ய இரண்டு ராத்திரி பிடித்தது. வேலையா அது! விடியற்காலை வரை உட்கார்ந்து அரக்கர்களுக்கு வீட்டு எண் கொடுத்துக்கொண்டிருந்தேன், தூக்கமே வரவில்லை.

எங்கள் குழுவில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் டி குகையைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடுங்கள். கே குகைப் பக்கம் மட்டும் முதல் நாளே போக வேண்டாம். போனால், அதற்கான இணைப்பும் சரியாக வேலை செய்கிறது, சோதித்துவிட்டேன்.